வசனத்துக்குக் கைதட்டுகிறோம், திரைக்கதையை எங்கே பார்க்கிறோம்?

மாம்பலம் வாசகன்
ஞாயிறு, இரவு 10.15

வணக்கம் நண்பர்களே. இன்று மாலை ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து 'அந்த நாள்' பார்த்தேன். 1954 படம். எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் வசனம், ஏவி.எம். தயாரிப்பு. பாட்டே கிடையாது என்பதுதான் அந்தப் படத்தைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது. நானும் அதைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டேன்.

படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் சரிந்து விழுகிறார். மகள் என் பக்கம் திரும்பி, "அப்பா, ஹீரோ செத்துட்டாரே, இனிமே என்ன படம்?" என்று கேட்டாள்.

பாத்திரம் கழுவும்போதுகூட அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம் அது. தமிழ்நாடே யாருடைய குரலைக் கேட்கக் காத்திருந்ததோ, அவரை முதல் நிமிடத்திலேயே பிணமாகக் கிடத்துகிறார்கள். அப்புறம் போலீஸ் அதிகாரி வீட்டு மனிதர்களையும் பக்கத்து வீட்டுக்காரரையும் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் செத்த மனிதர் வேறொரு ஆளாக எழுந்து வருகிறார். யார் சுட்டது என்று இங்கே சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பாருங்கள். சாட்சி சொல்கிறவர்கள் அவரைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு தங்களைப் பற்றியே சொல்லிவிடுகிறார்கள். முப்பது வருடத்தில் இந்தப் படத்தை நான்கு முறை பார்த்திருப்பேன், இன்றைக்குத்தான் இது கண்ணில் பட்டது.

நல்ல வசனம் வந்தால் கைதட்டுகிறோம், நல்ல பாட்டு வந்தால் முணுமுணுக்கிறோம். கேமராவைப் பற்றிப் பேசவும் இப்போது கற்றுக்கொண்டுவிட்டோம். திரைக்கதையைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் "ஸ்கிரீன்ப்ளே ஸ்பீடா இருந்துச்சு", "செகண்ட் ஹாஃப் லேக்" என்ற இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், சினிமாக்காரன் இல்லை. ஆனால் ஒரு நல்ல வேலையைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லச் சொல் இல்லாமல் நிற்பது கஷ்டமாக இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பஞ்ச் வசனம் வேண்டாம். ஒரே ஒரு காட்சியை, அல்லது காட்சிகளின் ஒரு அடுக்கை எடுத்துக்கொண்டு, அது என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள்.

⁂

தரமணி மாணவன்
ஞாயிறு, இரவு 11.02

சார், நான் சினிமா படிக்கும் மாணவன். எங்கள் வகுப்பில் முதலில் படித்தது அமெரிக்காவின் சிட் ஃபீல்ட் திரைக்கதை பற்றி 1979இல் எழுதிய புத்தகம். மூன்று அங்கம், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம், நூற்று இருபது பக்கம், இருபத்தைந்தாம் பக்கம் வாக்கில் முதல் திருப்பம். இதை வைத்துக்கொண்டு தமிழ்ப் படங்களைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. முதலில் நம் படங்களில்தான் குறை என்று நினைத்தேன். நண்பன் ஒருவன் "நீ இடைவேளையைக் கணக்கில் எடுத்தியாடா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. மேல்நாட்டு எழுத்தாளர் இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் எழுதுகிறார். நம் ஊர் எழுத்தாளருக்கு நடுவில் பதினைந்து நிமிடம் பார்வையாளரை வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. வெளியே போகிறவர் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்ப வேண்டும். பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது அவர் அந்தக் கேள்வியைப் பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கதையை மறுபடி பற்றவைக்க வேண்டும். ஒரு படத்துக்குள் இரண்டு தொடக்கம், இரண்டு உச்சம். இது தனி வடிவம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதைப் பற்றிப் பாடமாகப் படிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கே துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கதை டிஸ்கஷனில் இடைவேளையை எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?

⁂

சீன்பேப்பர்
திங்கள், காலை 6.40

தம்பி, நான் பதினெட்டு வருடமாக அசோசியேட் டைரக்டர். சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் வாடகை வீடுகளில் நடந்த எத்தனையோ டிஸ்கஷன்களில் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் இன்டர்வெல் பிளாக்கை, அதாவது இடைவேளை விடும் காட்சியைத்தான் முதலில் பிடிப்போம். அது கிடைத்துவிட்டால் அதிலிருந்து பின்னோக்கி வருவோம். இந்த இடத்தில் இவனுக்கு இந்த உண்மை தெரிய வேண்டும் என்றால், அதற்கு முன்னால் யார் அதை மறைத்தார்கள், ஏன் மறைத்தார்கள் என்று. முதல் பாதி அப்படித்தான் உருவாகும். கஷ்டம் இரண்டாம் பாதியில். கேள்வியைக் கொடுத்து வெளியே அனுப்புவது சுலபம், பதில் அந்தக் கேள்வியை விடப் பெரிதாக இருக்க வேண்டும். நீங்கள் 'லேக்' என்று சொல்லும் பல படங்களில் நடந்தது இதுதான்.

வாசகன் சார் கேட்டதற்கு வருகிறேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக நல்ல திரைக்கதை வேலை எந்தத் தியேட்டரிலும் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு படம். பாதியில் நின்றுபோனது. கதாநாயகனின் அப்பா கடனில் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். சீன் ஆர்டரில், அதாவது காட்சிகளின் வரிசைப் பட்டியலில், அதற்கு மூன்று காட்சி இருந்தது. கடன்காரர் வாசலில் வந்து சத்தம் போடுவது ஒன்று, அம்மா வளையலைக் கழற்றிக் கொடுப்பது ஒன்று, அப்பா இரவில் தனியாக அழுவது ஒன்று. மூன்றும் எழுதியாகிவிட்டது, வசனமும் நன்றாகத்தான் இருந்தது.

சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு உதவி இயக்குநர், டீ வாங்கி வந்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சார், எங்க அப்பா மளிகைக் கடை பாக்கி இருக்கும்போது முன் தெரு வழியா வரவே மாட்டாரு. பின் தெருவுல சுத்தி வருவாரு."

அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. இயக்குநர் பேனாவை எடுத்து மூன்று காட்சியையும் அடித்தார். வேலை முடிந்து வரும் அப்பா தெருமுனையில் ஒரு கணம் நிற்கிறார், பின் தெருவுக்குள் திரும்புகிறார். அவ்வளவுதான். கடன் என்ற சொல்லே வரவில்லை. படத்தின் கடைசியில் மகன் எல்லாவற்றையும் அடைத்த பிறகு அப்பா அதே முனையில் வந்து நிற்கிறார். பழக்கத்தில் கால் பின் தெருப் பக்கம் திரும்புகிறது. அப்புறம் நிதானித்து நேராக நடக்கிறார், கடைக்காரர் "என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம்" என்கிறார்.

அந்தக் காட்சியைப் படமாக்கும் முன்பே பணம் நின்றுவிட்டது. இன்று வரைக்கும் எந்தத் தெருமுனையைப் பார்த்தாலும் எனக்கு அது ஞாபகம் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை அந்தப் படம் வெளிவந்திருந்தாலும் அந்தத் தம்பியின் பெயர் உதவி இயக்குநர்கள் வரிசையில் ஏழாவதாக ஓடியிருக்கும். "கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்" என்று ஒரே பெயர் போடுவது நம் வழக்கம். அது பல பேரிடம் நியாயமானதும்கூட, உண்மையிலேயே நான்கையும் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அறையில் பிறந்த யோசனை யாருடையது என்று வெளியே தெரிய வழியே இல்லை. தேவர் பிலிம்ஸ் படங்களில் 'கதை இலாகா' என்று டைட்டிலில் போடுவார்கள். தனித்தனிப் பெயர் இல்லாவிட்டாலும், பல பேர் உட்கார்ந்து செய்த வேலை இது என்ற ஒப்புதலாவது அதில் இருந்தது. பிற்காலத்தில் 'சூப்பர் டீலக்ஸ்' 2019இல் வந்தபோது எழுத்தில் தியாகராஜன் குமாரராஜாவோடு மிஷ்கின், நலன் குமரசாமி, நீலன் கே. சேகர் பெயர்களும் இருந்தன. அந்த டைட்டிலைத் தியேட்டரில் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்தது.

⁂

கபாலி தெற்கு மாட வீதி
திங்கள், காலை 9.20

வாசகன் தம்பி, எனக்கு வயது எழுபத்து நாலு. மயிலாப்பூர் சபாக்களில் நாடகம் பார்த்து வளர்ந்தவன். நல்ல இழை தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் "பஞ்ச் வசனம் வேண்டாம்" என்று நீங்கள் போட்ட நிபந்தனை எனக்கு ஒப்பவில்லை. வசனத்தையும் திரைக்கதையையும் எதிரெதிராக நிறுத்துகிறீர்கள். அது சரியில்லை.

நீங்களே 'பராசக்தி'யைச் சொன்னீர்கள். அதையே எடுத்துக்கொள்வோம். 1952. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம், கலைஞர் மு. கருணாநிதியின் திரைக்கதை, வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். நீதிமன்றக் காட்சியை என் வயதுக்காரர்கள் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இசைத்தட்டில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் உண்டு. சரி, அந்தக் காட்சியில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார்? குற்றவாளிக் கூண்டில் நிற்கும் கல்யாணியின் சொந்த அண்ணன். அவள் தன் கதையைச் சொல்லும் வரை அது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். கல்யாணி பேசும் ஒவ்வொரு வரியும் நீதிபதியை நோக்கிப் பேசுவதாக அவருக்குக் கேட்கிறது. அண்ணனை நோக்கிப் பேசுவதாக நமக்குக் கேட்கிறது. கேட்கிற காது இரண்டு விதமாக இருப்பதால்தான் அந்தத் தமிழுக்கு அத்தனை பலம். பிறகு கூண்டில் ஏறும் இன்னொரு அண்ணன் குணசேகரன் (சிவாஜி) அடுக்குகிற கஷ்டங்கள் எல்லாம் நாம் ஏற்கெனவே கண்ணால் பார்த்தவை, புதிதாக ஒரு செய்திகூட அதில் இல்லை. வழக்கறிஞர் வாதத்தைத் தொகுப்பது போல, படம் முழுவதையும் அந்தப் பேச்சு தொகுக்கிறது. இதே பேச்சை முதல் ரீலில் வைத்துப் பாருங்கள், வெறும் மேடைப் பேச்சாகப் போயிருக்கும்.

அதனால் வசனத்துக்குக் கைதட்டியவர்கள் தெரியாமலே திரைக்கதைக்கும் சேர்த்துத்தான் கைதட்டினார்கள் என்பது என் கட்சி.

நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போகும்போது என்ன ஆகிறது என்பதையும் நேரில் பார்த்திருக்கிறேன். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை மேடையில் பார்த்தேன், பிறகு கே. பாலசந்தர் 1981இல் எடுத்த படத்தையும் பார்த்தேன். மேடையில் தண்ணீரே கிடையாது. தண்ணீர் இல்லை என்பதை மனிதர்கள் பேசிப் பேசித்தான் நமக்குத் தாகத்தை உண்டாக்க வேண்டும். கோமலின் எழுத்து அதைச் செய்தது. படத்தில் வெயிலும் வெடித்த மண்ணும் குடம் தூக்கி நடக்கும் பெண்களும் அந்தப் பேச்சில் பாதியை வாங்கிக்கொள்கிறார்கள். மிச்சமிருக்கும் பேச்சு அப்போது இன்னும் கூர்மையாகிறது. அந்தப் படத்துக்காகப் பாலசந்தருக்குச் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருது கிடைத்தது. ஏஜி அலுவலகத்தில் (அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம்) வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போட்டவர் அவர். எதைப் பேச வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்ற கணக்கை மேடையில் தோற்றும் ஜெயித்தும் கற்றவர்.

⁂

மாம்பலம் வாசகன்
திங்கள், மதியம் 1.10

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். நிபந்தனையை எடுத்துவிட்டேன். நீதிபதி நாற்காலியை நான் இப்படி யோசித்ததே இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன். இந்த முறை கல்யாணியைப் பார்க்கவில்லை, நீதிபதியின் முகத்தை மட்டும் பார்த்தேன். வேறு படம் போல இருந்தது.

சீன்பேப்பர் சார், அந்தத் தெருமுனையை இனி என்னாலும் மறக்க முடியாது.

⁂

சாலிகிராமம் செல்வி
திங்கள், இரவு 11.48

ஷூட்டிங் முடிந்து இப்போதுதான் வந்தேன். நான் டிவி சீரியலுக்கு வசனம் எழுதுகிறேன். சினிமா பேசும் இடங்களில் சீரியலைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கும். ஐயா வசனத்துக்காகப் பேசியதைப் படித்ததும் எழுதலாம் என்று தோன்றியது.

எங்களுடைய பார்வையாளர் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. அடுப்பில் குழம்பு இருக்கும், பையன் வீட்டுப்பாடம் கேட்டுக்கொண்டிருப்பான். அவர் பாதி நேரம் கேட்கிறார், பாதி நேரம்தான் பார்க்கிறார். சீரியலில் எல்லோரும் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்று குறை சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சமையலறையில் நிற்பவருக்குக் கதை கேட்க வேண்டும். வானொலி நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நடுவில் உள்ள எழுத்து இது. அதற்குள்ளும் நுட்பமாக எழுத முடியும். பாத்திரத்தின் பெயரைக் கூப்பிடாமலே யார் பேசுகிறார் என்று குரல் நடையிலேயே தெரிய வேண்டும். மாமியாருக்கு ஒரு வாக்கிய அமைப்பு, நாத்தனாருக்கு வேறொன்று. ஒருத்தி கேள்வியாகவே பேசுவாள், இன்னொருத்தி எதைச் சொன்னாலும் பழைய சம்பவத்தில் போய் முடிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆள் தெரியவில்லை என்றால் நான் அந்த சீன் பேப்பரைக் கிழித்துவிடுவேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை. என்னிடம் ஒரு நீல நிற நோட்டு இருக்கிறது. நான் முதலில் வேலை பார்த்த சீரியலில் ஒரு மூத்த அக்கா இதைக் கற்றுக்கொடுத்தார். இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர். மேலே ரகசியங்கள். யாருக்கு எந்த ரகசியம் எந்த எபிசோடில் தெரிந்தது என்று கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டே வர வேண்டும். ஐந்நூறு எபிசோடு தாண்டும்போது எழுதுகிறவருக்கே மறந்துவிடும். பெரிய மருமகளுக்கு நகை அடகு விஷயம் இருநூற்றுப் பத்தாவது எபிசோடிலேயே தெரியும் என்றால், முந்நூறில் அவள் அதிர்ச்சியாகக் கேட்கக் கூடாது. எழுதிவிட்டால் ஊரிலிருந்து ஒரு பாட்டியாவது ஃபோன் செய்து திட்டுவார். 'மெட்டி ஒலி' 2002இலிருந்து 2005 வரை ஒரு அப்பாவையும் ஐந்து மகள்களையும் வைத்துக்கொண்டு அத்தனை நாள் ஓடியது. ஐந்து பேரின் வாழ்க்கை, அப்பாவிடம் மறைக்கும் விஷயங்கள். அதை எழுதியவர்களின் நோட்டு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

அந்த நோட்டை நிரப்பும்போதெல்லாம் எனக்குப் புரிவது ஒன்றுதான். காலியாக இருக்கும் கட்டங்களில்தான் கதை இருக்கிறது. எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டால், அதாவது எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டால், மறுநாள் எழுத ஒன்றும் இருக்காது.

ஐயா சொன்ன நீதிபதி ஒரு காலிக் கட்டம். வாசகன் அண்ணன் சொன்ன 'அந்த நாள்' முழுக்கக் காலிக் கட்டங்கள்.

⁂

தரமணி மாணவன்
செவ்வாய், நள்ளிரவு 12.31

அக்கா, தூக்கமே போய்விட்டது. உங்கள் நோட்டு மாதிரியே உடனே ஒரு படத்துக்குக் கட்டம் போட்டுப் பார்த்தேன். 1996இல் வந்த 'காதல் கோட்டை'. அகத்தியனுக்குச் சிறந்த இயக்கம், சிறந்த திரைக்கதை இரண்டுக்கும் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம். இருவரும் பார்த்துக்கொள்ளாமலே கடிதத்தில் காதலிக்கிறார்கள். அவன் சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறான், அவளே அந்த ஆட்டோவில் ஏறுகிறாள், சண்டையும் போடுகிறார்கள். கட்டம் போட்டுப் பார்த்தால் நம் வரிசை மட்டும் முழுக்க நிரம்பியிருக்கிறது. அவர்கள் இருவர் வரிசையிலும் ஒரே ஒரு கட்டம் கடைசி வரை காலி. 'இவர்தான் அவர்' என்ற கட்டம். அந்த ஒன்றை நிரப்பாமல் இழுத்துக்கொண்டே போவதுதான் இரண்டாம் பாதி முழுக்க. ரயில் நிலையத்தில் அந்த ஸ்வெட்டர் கண்ணில் படும்போது நிரம்புகிறது.

என் அம்மா அப்போது தியேட்டரில் எழுந்து நின்று "அவன்தாம்மா அது!" என்று கத்தினாராம். திரைக்கு முன்னால் இருக்கும் நமக்குத் தெரிந்தது, உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவில்லையே என்ற தவிப்பு.

ஒரு சந்தேகம். அப்படியென்றால் திரைக்கதை என்பதே, யாருக்கு எதை எப்போது சொல்வது என்ற ஏற்பாடு மட்டும்தானா? சீன்பேப்பர் அண்ணன் சொன்ன தெருமுனை அதில் எங்கே வருகிறது?

⁂

சீன்பேப்பர்
செவ்வாய், காலை 7.05

வருகிறது தம்பி. அப்பா கடனில் இருப்பது கடைக்காரருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது. மூன்று காட்சி வைத்திருந்தபோது வாசலில் கடன்காரர் கத்துகிறார், ஊருக்கே தெரிந்துவிடுகிறது. பிறகு மகன் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? தெருமுனையாக மாற்றியதும் அது நமக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு ரகசியமானது. அப்பாவின் மானத்தை நாமும் சேர்ந்து காப்பாற்றுகிறோம். இத்தனை வருடம் அதைச் சிக்கனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். செல்வியின் நோட்டைப் பார்த்த பிறகுதான் வேறாகப் புரிகிறது.

ஆனால் "மட்டும்தானா" என்றால் இல்லை. கட்டம் சரியாக இருந்தும் உயிர் இல்லாத படங்களில் வேலை பார்த்திருக்கிறேன். பின் தெருவில் சுற்றி வரும் அப்பா கட்டத்தில் பிறக்கவில்லை, ஒரு பையன் தன் வீட்டில் பார்த்தது அது. கட்டம் அதை வைக்க ஒரு இடம் கொடுத்தது. அறைக்குள்ளேயே உட்கார்ந்து பழைய படங்களை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் தெருமுனை கிடைக்காது. தம்பி, நீங்கள் வேளச்சேரி ரயிலில் தினமும் போகிறவராக இருந்தால் காதில் இருப்பதைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

படிக்க வேண்டும் என்றால் தமிழிலேயே சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' இருக்கிறது, பாக்யராஜின் 'வாங்க சினிமாவைப் பற்றி பேசலாம்' இருக்கிறது. பாக்யராஜ் புத்தகத்தைக் கதை சொல்லும் முறைக்காகவே படியுங்கள், ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும்.

⁂

பழைய ஆபரேட்டர்
செவ்வாய், மாலை 4.25

எல்லோருக்கும் வணக்கம். நான் வடசென்னையில் ஒரு தியேட்டரில் இருபத்தாறு வருடம் புரொஜெக்டர் ஆபரேட்டராக இருந்தேன். இப்போது அந்தத் தியேட்டர் இல்லை. நீங்கள் எல்லாம் எழுதுகிற பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் பின்னால் கேபினில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தவன்.

ஒரு படத்தை ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஐம்பது நாள் ஓட்டினால் இருநூறு தடவை பார்ப்போம். பத்தாவது தடவைக்கு மேல் படத்தைப் பார்க்க மாட்டோம். ஜனங்களின் தலையைத்தான் பார்ப்போம். ஆயிரம் அடி ஃபிலிம் ஏறக்குறைய பதினோரு நிமிடம் ஓடும். எத்தனையாவது ரீலில் கதவு திறந்து மூடும், எந்த ரீலில் ஒருவர்கூட எழுந்திருக்க மாட்டார் என்று எங்களுக்கு மனப்பாடம். ஒவ்வொரு காட்சிக்கும் வேறு வேறு ஜனம் வரும், ஆனால் எழுந்து போகும் இடம் மட்டும் மாறாது. காலைக் காட்சிக்கு வரும் காலேஜ் பசங்களும் மேட்னிக்கு வரும் பெண்களும் அதே நிமிடத்தில்தான் நெளிவார்கள். கடைசி வருடங்களில் செல்போன் வந்த பிறகு இன்னும் நன்றாகத் தெரியும், எழுத்து தளர்ந்த இடத்தில் இருட்டில் அங்கங்கே வெளிச்சம் பூக்கும்.

'காதலிக்க நேரமில்லை'யை மறுவெளியீட்டில் ஓட்டியிருக்கிறேன். ஸ்ரீதர் 1964இல் எடுத்தது, சித்ராலயா கோபு எழுத்து. நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி. அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது? ஒன்றுமே நடக்கவில்லை. ஒருவர் சொல்கிறார், ஒருவர் கேட்கிறார். ஆனால் வெளியே டீ குடிக்கப் போனவர்கள் குடிக்காமல் உள்ளே ஓடி வருவார்கள். ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நாகேஷ் சொல்வது கதை என்று பாலையாவுக்கே தெரியும், சினிமாவுக்காகச் சொல்கிறார் என்று தெரியும். தெரிந்தும் பயப்படுகிறார். அந்தம்மா சொன்ன நோட்டில் இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டமெல்லாம் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் காட்சி நிற்கிறது.

⁂

சாலிகிராமம் செல்வி
செவ்வாய், இரவு 10.50

ஐயா, இன்று முழுக்க ஷூட்டிங்கில் உங்கள் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. 'தெரியும்' என்று டிக் அடித்துவிடுகிறோம். தெரிந்தும் நம்பாமல் இருப்பது, தெரிந்தும் பயப்படுவது, தெரியாதது போல இருப்பது, இதற்கெல்லாம் தனி நிறப் பேனா வேண்டும். நம் வீடுகளில் பாதி விஷயம் அப்படித்தானே நடக்கிறது. குடிக்கிற மகனைப் பற்றி அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்று மகனுக்கும் தெரியும். இருவரும் தோசையைப் பற்றிப் பேசுவார்கள்.

நாளை காலை ஒன்பது மணிக்குக் கொடுக்க வேண்டிய சீன் ஒன்று இருக்கிறது. மருமகள் உண்மையைக் கண்டுபிடித்து அழ வேண்டும். அதை மாற்றி எழுதப் போகிறேன். அவளுக்கு முன்பே தெரியும், மாமியார் வந்து சொல்லும்போது முதல் தடவை கேட்பது போலக் கேட்டுக்கொள்கிறாள். சேனலில் ஒத்துக்கொள்வார்களா என்று பார்க்கலாம்.

⁂

கபாலி தெற்கு மாட வீதி
புதன், காலை 8.15

செல்வி அம்மா, அந்த எபிசோடு எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நானும் என் மனைவியும் உட்கார்ந்து பார்க்கிறோம். சமையலறையிலிருந்து இல்லை, எதிரே நாற்காலி போட்டு.

⁂

மாம்பலம் வாசகன்
புதன், இரவு 9.40

மகள் நேற்று பழைய கணக்கு நோட்டில் மீதியிருந்த பக்கங்களைக் கிழித்துக் கட்டம் போட்டாள். இன்று 'அந்த நாள்' மறுபடி ஆரம்பத்திலிருந்து. இந்த முறை யார் சுட்டது என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு சாட்சி பேசும்போதும் படத்தை நிறுத்தி, இவருக்கு என்ன தெரியும், எதை மறைக்கிறார், எதைத் தெரியாமல் சொல்லிவிடுகிறார் என்று எழுதிக்கொண்டே வந்தாள். இரண்டு மணி நேரத்தில் பாதிப் படம்தான் தாண்டினோம்.

ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, "அப்பா, போலீஸ்காரருக்கு என்ன தெரியும்னு ஒரு வரிசை போடலையே" என்றாள். உண்மைதான், அவரை நான் கேள்வி கேட்கிறவராக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எந்த நிமிடத்தில் சந்தேகிக்கத் தொடங்குகிறார்? அதற்காக மறுபடி முதலிலிருந்து போட வேண்டும் என்கிறாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, சனிக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த அதிகாரியாக நடித்தவரும் ஜாவர் சீதாராமன்தான், வசனம் எழுதியவரே வந்து கேள்வி கேட்கிறார் என்று சொன்னேன். அதையும் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.